தரை அதிருது, ஸார்!

ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று கையை நீட்டினால் மோட்டார் சைக்கிள் கிடைக்கும், கார் கிடைக்கும், லாரி கிடைக்கும், டயர்கூடக் கிடைக்கும். கொஞ்சம் நகர்ந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் செல்போன், டி.வி., ஃப்ரிட்ஜ், ஜன்னல் கண்ணாடி. இந்த வட்டாரத்தில் தயாராகாத ஒரே சரக்கு, நிசப்தம்!

அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'என் வீட்டு ஸ்டீரியோவில் மிருதங்கம் அசல் மிருதங்கம் மாதிரியே கேட்கணும்' என்று ஒரு மனிதர் ஆறு வருஷமாகப் போராடுகிறார் என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு தடவை பார்க்கப் போனேன். அப்புறம் ஏழெட்டு தடவை போய்விட்டேன்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்து மூன்று. காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப் சூப்பர்வைஸர். தகட்டை வைத்தால் 'டமார்' என்று ஒரே அடியில் கதவாகவோ பானெட்டாகவோ மாறும் இடம். பகலெல்லாம் அந்த 'டமார்' கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு ராத்திரியில் தம்புரா கேட்டே ஆகவேண்டும். 'வேற வழி இல்ல தம்பி, கழுவிவிட்டாத்தான் தூக்கம் வரும்' என்கிறார், காதை ஏதோ டிபன் பாக்ஸ் மாதிரி.

ஸ்பீக்கர் ஜோடி, ஊருக்குத் திரும்பிய கொரிய அதிகாரி ஒருவர் விட்டுப் போனது. இந்த வட்டாரத்தில் அது ஒரு தனி வியாபாரம். கான்ட்ராக்ட் முடிந்து விமானம் ஏறும் வெளிநாட்டுக்காரர்கள் பாத்திரத்திலிருந்து பியானோ வரை தள்ளிவிட்டுப் போவார்கள். ஆம்ப்ளிஃபையர் சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசிப் பிடித்தது. ஒரு சி.டி. பிளேயர். இவ்வளவுதான். மொத்தம் ஒன்றேகால் லட்சம். 'ஹை எண்ட்' உலகத்தில் இது ஒரு கேபிளின் விலை என்று அண்ணன் சமாதானம் சொல்கிறார். அண்ணி சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

அவருக்கு இந்தப் பித்து பிடித்தது காஞ்சிபுரத்தில் ஐ.டி.ஐ. படித்த நாட்களில். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர்கள் ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் டி.டி.கே. 60-ல் பதிந்து தருவார்கள். கடைவாசலில் ஆள் உயர ஸ்பீக்கர். 1978-ல் வந்த 'ப்ரியா'தான் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்பார்கள். பத்து வருஷம் கழித்தும் அந்தப் பாட்டைப் போட்டு, 'வலது பக்கம் கிடார், இடது பக்கம் வயலின்... கேளுங்க!' என்று கடைக்காரர் பிரசங்கம் செய்வாராம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. அதை அந்தக் கடைவாசலில் நின்றே முழுசாகக் கேட்டவர் அண்ணன். பஸ் போனால் போகட்டும் என்று.

அசல் மாதிரியே கேட்க வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. தாமஸ் ஆல்வா எடிசன் கம்பெனி 1915-லிருந்து பத்து வருஷம் அமெரிக்கா முழுக்க ஒரு வித்தை காட்டியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் கிராமபோன் பெட்டி. அம்மா பாடிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைப்பார்கள். மறுபடி விளக்கு வந்தால் மேடையில் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும்! ஜனங்களுக்கு மூச்சே நின்றுவிடும். பாடிய அம்மையார்களில் ஒருவரான அன்னா கேஸ் ரொம்ப வருஷம் கழித்து ரகசியத்தை உடைத்தார். பெட்டியின் குரல் எப்படி இருந்ததோ, அதற்குத் தகுந்த மாதிரி தன் குரலை அடக்கிப் பாடினாராம். மெஷின் மனுஷி மாதிரிப் பாடவில்லை. மனுஷி மெஷின் மாதிரிப் பாடியிருக்கிறார்.

1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ் கொஞ்சம் நாணயமாகவே இதைச் செய்தார். கலைஞர்கள் வாசிக்க, அதே இசையின் பதிவை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். ஹால் நிரம்பி வழிந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்பீக்கர் கேட்க வந்த கூட்டம்!

ஒரகடத்துக்கு வருவோம். அண்ணன் வீட்டு ஹால் பன்னிரண்டுக்குப் பத்து. இங்கேதான் முதல் சண்டை. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும். பன்னிரண்டடிச் சுவர்களுக்கு நடுவே போய் வந்தால், 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கீழ்ச்சுரம் மட்டும் தன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு 'பூம்' என்று வீங்கும். சுவர் ஓரத்தில் உட்கார்ந்தால் பூதம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமலே போய்விடும். எவ்வளவு லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சுவர் வாடகைச் சுவர் ஆயிற்றே, இடிக்கவா முடியும்?

அண்ணன் செய்தது இது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தார். தன் நாற்காலியோடு சேர்த்து முக்கோணமாக வைத்தார். வழவழ டைல்ஸ் தரையில் இரண்டு கோரைப் பாய், பக்கச் சுவரில் பழைய மெத்தை விரிப்பு. 'கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கு' என்றார் அண்ணி. செலவு பூஜ்யம். ஆனால் அன்று ராத்திரிதான் பாடகர் ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்து நடுவில் நின்றாராம்.

அப்புறம் ஒரு மாதம் வேட்டை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் 'கும்' என்றால் எங்கிருந்தோ 'கிர்ர்' என்று ஒரு பதில். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறி, கடைசியில் பார்த்தால் இரும்பு பீரோவின் கதவு. அதற்கு அட்டை சொருகியதும் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தாம்பாளம் கூடவே பாடியது. அதற்குப் பிறகு ஜன்னல் கொக்கி. ஒவ்வொன்றையும் பிடித்து வாயை அடைத்தார். பிரஸ் ஷாப்காரருக்கு எங்கே எது லூஸ் என்று கண்டுபிடிக்கச் சொல்லியா தர வேண்டும்?

கரண்ட் ஒரு தனிப் புராணம். பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பும்தான் அந்த 'ம்ம்ம்'. ஆம்ப்ளிஃபையரை மாற்று, பத்தாயிரம் ரூபாய் ஃபில்டர் போடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். லைன்மேன் ஒருவர் வந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைப் பார்த்தார். வறண்டு பாளமாக வெடித்திருந்தது. கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். முனகலில் முக்கால்வாசி போய்விட்டது. கோடையில் துளசிச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி வாரம் ஒரு குடம் எர்த்துக்கும் உண்டு.

கேபிள் விஷயத்தில் மட்டும் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. நான் பி.காம். காரன். பத்தாயிரம் ரூபாய்க் கம்பியைக் கண்டால் எனக்குக் காது கேட்பதற்கு முன்னால் கண் கட்டிவிடும். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்று இருவர் ஹார்மன் கம்பெனியில் ஒரு காரியம் செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை முதலில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து மார்க் போடச் சொன்னார்கள். பிறகு திரை போட்டு மறைத்துக் கேட்க வைத்தார்கள். திரை விழுந்ததும் மார்க் பட்டியலே மாறிப்போனது. கண்ணால் பார்த்தபோது பெரிய பெட்டிக்கும் பிராண்டுக்கும் விழுந்த மார்க், காதால் மட்டும் கேட்டபோது விழவில்லை.

இதில் நம்ம ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2007-லிருந்து தொழிற்சாலை நடத்தும் சாம்சங்தான், 2017-ல் அந்த ஹார்மனைச் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கியது. ஜே.பி.எல்., ஏ.கே.ஜி., மார்க் லெவின்ஸன் எல்லாம் அந்தக் குடும்பம். 2025-ல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ் பெயர்களும் அந்தக் கூரைக்குள் வந்துவிட்டன. உலகத்து ஆடியோ பைத்தியங்கள் ராத்திரி கனவு காணும் பாதிப் பெயர்களின் முதலாளி, வாஷிங் மெஷின் செய்துகொண்டு பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்! இந்தியாவிலும் ஆட்கள் உண்டு. கல்கத்தாவில் 1970-லிருந்து ஸோனோடைன், கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற ஆர்க்கிடெக்ட் ஆரம்பித்த ரெத்தம். அண்ணனுக்கு அதெல்லாம் தூரத்துப் பச்சை.

பவர் கணக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். படித்த படிப்புக்கு மரியாதை. அண்ணன் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் தரும். அது காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு இரண்டு வாட் போதாது, பத்து வாட் வேண்டும். இன்னொரு இரண்டு மடங்குக்கு நூறு வாட்! கல்லூரியில் 'குறைந்து செல் விளைவு விதி' என்று ஒன்றை நெட்டுருப் போட்டோம். அதை இவ்வளவு சத்தமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாட் போதும். தனி ஆவர்த்தனத்தில் 'தீம்' என்று ஓர் அடி விழும் அந்தக் கண நேரத்துக்குத்தான் நூறு வாட். அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்கினால், அசல் இல்லை என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

மிருதங்கத்தை ஏன் பரீட்சைக்கு வைத்தார்? வீட்டில் இருக்கிறதே! பையன் ப்ளஸ் டூ, எட்டு வருஷமாகக் கற்றுக்கொள்கிறான். இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் பிறக்கும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, வெறும் தொம் தொம்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கறுப்பு வட்டம் அந்தச் சுரங்களை இழுத்துப் பிடித்து, வீணைத் தந்தி மாதிரி ஒழுங்காக அடுக்கிவிடுகிறது. இதை 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் சர் சி.வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்னால். 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். அந்த அடுக்கில் ஒரு செங்கல் நகர்ந்தாலும் 'நம்' என்ற சொல் 'நங்' என்று கேட்கும். அண்ணன் பையன் அதைத் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான்.

போன காணும் பொங்கலன்று எடிசன் வித்தையை வீட்டிலேயே செய்து பார்த்தோம். காரிடார் மூச்சு விடுகிற நாள் அது. ஷிப்ட் பஸ் கிடையாது, கன்டெய்னர் குறைவு. மைக் செட்காரர்கள் எழுந்திருப்பதற்கு முன், காலை ஆறு மணிக்கு, மொட்டை மாடியில் பையனை உட்கார வைத்து வாசிப்பைப் பதிவு செய்தார் அண்ணன். ஏன் மாடி? ஹாலிலேயே பதிந்தால் ஹாலின் எதிரொலியும் சேர்ந்து பதிவாகும். அதே ஹாலில் திருப்பிப் போட்டால் எதிரொலிக்கு எதிரொலி. அறையை இரண்டு தடவை கேட்பது போலாகிவிடும்.

பிறகு ஹாலின் குறுக்கே எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டினோம். உள்ளே ஒரு பக்கம் ஸ்பீக்கர், ஒரு பக்கம் பையன். வெளியே நான், அண்ணி, தண்ணீர் கேன் போட வந்து மாட்டிக்கொண்ட பையன். ஏதோ ஒரு கோர்வை, பத்து தடவை. ஒவ்வொன்றும் நிஜமா, பெட்டியா? பேப்பரில் எழுத வேண்டும்.

அண்ணிக்கு ஆறு மார்க். எனக்கு ஐந்து. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் எனக்கு அதுதான் வந்திருக்கும் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். பெருமை அவருக்கு! கேன் பையன் பேப்பரைப் பார்த்தார். பத்துக்குப் பத்து.

'எப்படிடா?'

'நிஜமா அடிக்கறப்ப தரை அதிருது, ஸார்!'

நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில். அவன் மட்டும் தரையில் சம்மணம் போட்டிருந்தான். மிருதங்கம் தரையோடு ஒட்டிக் கிடக்கும் வாத்தியம். அது மாடி வீட்டுத் தளம் வேறு. பெட்டியோ, அதிரக் கூடாது என்று ரப்பர் குமிழ் வைத்த ஸ்டாண்டின் மேல். ஆறு வருஷம் காதுக்காக உழைத்த மனிதரை உட்காருமிடத்தால் தோற்கடித்துவிட்டான். அண்ணன் அவனை விடவில்லை. இட்லி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

இதுவரை தமாஷ். இனிமேல் அவ்வளவு தமாஷ் இல்லை.

அந்தப் பரீட்சைக்கு முன்பிருந்தே அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு சங்கடம். எல்லாம் பிரமாதம், ஆனால் வயலின் கீச்சிடும், 'ஸ' என்று பாடகி சொன்னால் ஊசி குத்தும். அவர் ட்ரெபிளை எப்போதும் முக்கால் பாகத்துக்கு மேல் திருகி வைத்திருப்பார். பையன் குறைப்பான். அவர் கூட்டுவார். 'கொறைச்சா உயிரே இல்லடா, சின்ன வயசுல கேட்ட மாதிரி இல்ல' என்பார். அண்ணி சமையலறையிலிருந்து 'பஸ் வந்துடுச்சா?' என்று கேட்டால், 'யாருக்குப் பல் வந்துடுச்சு?' என்பார். சிரிப்போம்.

பையன் சிரிக்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் காஞ்சிபுரத்தில் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனான். வந்த படத்தில் கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்தமாதிரி இறங்கி, அப்புறம் கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'பிரஸ் ஷாப்பா?'

அந்தக் கிணறு இரைச்சலின் கையெழுத்து. நம் காதுக் குழாய் ஒரு சின்னப் புல்லாங்குழல் மாதிரி மூவாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் ஒத்து அதிரும். அதனால் எந்த இரைச்சலும் அந்த இடத்தில்தான் பலமாக உள்ளே போய், அதற்குச் சற்று மேலே உள்ள மயிர்ச் செல்களை முதலில் தீர்க்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்கள். போனால் போனதுதான். கோழிக்கு மறுபடி முளைக்குமாம், நமக்கு முளைக்காது. ச, ஸ, ஃப மாதிரி எழுத்துக்களின் கூர்மை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பஸ் பல் ஆனது அதனால்தான்.

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் வகுத்த கணக்கு, 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 95-ல் நாலு, 100-ல் இரண்டே இரண்டு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே சேர்த்திருந்தது 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம். அண்ணன் பிரஸ்ஸுக்கு வந்த முதல் பத்து வருஷம், வேறொரு சின்ன கம்பெனியில், காதுக்கு ப்ளக் என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. அப்புறம் கொடுத்தார்கள். 'அதை மாட்டினா மெஷின் சத்தம் மாறுறது தெரியாது தம்பி. டை உடையப் போவுதுன்னா காதுலதானே தெரியும்? கழட்டி ஜோபில வெச்சுக்குவோம்.' பத்து இருபது ரூபாய் சமாசாரம், ஜோபில்.

பத்து நாள் ஸ்டீரியோவைத் தொடவில்லை. 'கேக்கறதே பாதி, இதுக்கு எதுக்கு இது?' என்று விற்கிற பேச்சு வந்தது. விலைகூட விசாரித்துவிட்டார்.

எனக்கு அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. சொன்னேன். அசல் கச்சேரி கேட்பதும் அதே காதுதானே? காதில் கிணறு என்றால் அசல் மிருதங்கமும் அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் உள்ளே போகும், பெட்டியும் அதைத் தாண்டித்தான். நிஜம் இன்று எப்படிக் கேட்கிறதோ அப்படிப் பெட்டி கேட்டால் போதுமே. இவரோ, காஞ்சிபுரம் கடைவாசலில் பதினாறு வயதுக் காது கேட்டதை ஐம்பத்து மூன்று வயதுக் காதில் வரவைக்க ட்ரெபிளைத் திருகிக்கொண்டிருந்தார். பேசாமல் கேட்டுக்கொண்டார். பதில் இல்லை.

சித்திரைத் திருவாதிரைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜருக்கு அவதார உற்சவம், பத்து நாள். 1017-ல் அவர் பிறந்த ஊராயிற்றே. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீதி புறப்பாட்டில் முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி, பெருமாளுக்குப் பின்னால் வேத கோஷ்டி. மைக் இல்லை. இத்தனை தொண்டைகளும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு பத்தடி தூரத்தில் நம்மைக் கடந்து போகும். நெஞ்சில் வந்து மோதும் சத்தம் அது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கோஷ்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார். அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் தனியாக.

நாலாம் நாள் நான் வீட்டுக்குப் போனபோது ட்ரெபிள் குமிழ் நட்டநடுவில் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வயலின் வயலினாகக் கேட்டது. அண்ணி சமையலறையை விட்டு வந்து பாயில் உட்கார்ந்து முழுப் பாட்டும் கேட்டார். ஆறு வருஷத்தில் அது முதல் தடவை என்று பையன் என் காதில் சொன்னான்.

ஷாப்பில் ப்ளக்கை ஜோபில் வைக்கும் பையன்களிடம் அண்ணன் இப்போது தன் காதுப் படத்தை செல்போனில் காட்டுகிறாராம். இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள், மற்றவர்கள் 'பார்க்கலாம்ணே' என்கிறார்கள். வீட்டில் ரப்பர் குமிழ் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைக் கருங்கல் பலகைமேல் வைத்துப் பார்த்தார். கேன் பையனை வரவழைத்துத் தரையில் உட்கார வைத்ததில் பத்துக்கு எட்டுதான் எடுத்தான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது நாதஸ்வரம் என்கிறார். கோயில் வித்வான் ஒருவர் வீட்டுக்கு வந்து வாசிக்கச் சம்மதித்துவிட்டார். கீழ் வீட்டு ஓனர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.